உண்ணிச்செடி மண்டிய காட்டில் சருகுத்தீ வைக்கலாமா?

கேள்வி: கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர் பழங்குடிகள் வைத்துவந்த ‘தரகு பெங்கி’ சருகுத்தீயை மறுபடி தொடங்கலாமா?

பதில் 1: அப்படியே வேண்டாம். அவர்கள் வைத்தது ஜனவரி, பிப்ரவரியில். புல் முழுக்கக் காயாததால் தீ தாழ்வாகவே ஓடும். நெல்லியில் புல்லுருவியும் அடங்கும் என்பார்கள். 1974இல் சரணாலயமாகி, பிறகு தீ நின்றது. இப்போது உண்ணிச்செடி (லாண்டானா புதர்) ஆளுயரம் ஏறிவிட்டது. அதைப் பற்றினால் தீ கிளைக்குத் தாவும். முதலில் தூரை வேரோடு எடுங்கள். மழைக்குப் பின் முளைக்கும் கன்றுகளையும் பிடுங்கணும்.

பதில் 2: வனத்துறை அனுமதி கட்டாயம். எல்லையில் மண் தெரியச் சருகைக் கூட்டுங்கள். மேட்டிலிருந்து கீழ்நோக்கி, காற்றுக்கு எதிராக வையுங்கள். அடியில் வைத்தால் சரிவில் பாய்ந்து ஏறும். பட்டமரத்தைச் சுற்றியும் சருகைக் கூட்டி அகற்றுங்கள், மரத்தில் தீப் பிடித்தால் உள்ளே கனன்று மறுநாள் பொறி பறக்கும்.

கேட்டவர்: காற்று திரும்பினால்?

பதில் 2: உடனே அணைத்துவிடுங்கள். பச்சைத்தழை, தண்ணீரோடு ஆட்கள் எல்லையிலேயே நிற்கணும்.