ஹோகுலேயா: ஜப்பானின் உட்கடலில் விண்மீன்களுக்கு என்ன வேலை?

அலைவாய் (கேள்வி):
ஹவாயின் இரட்டைத் தோணியான ஹோகுலேயா 2007-இல் ஜப்பானியத் தீவுகள் வழியாகச் சென்றதைப் பற்றிப் படித்து வருகிறேன். எஞ்சின் கிடையாது, திசைகாட்டி இல்லாமல் விண்மீனையும் அலையையும் கொண்டே வழியறிவது அதன் மரபு. திறந்த பசிபிக்கில் அது நடக்கும் என்பது விளங்குகிறது. பெருந்தீவுகளுக்கு நடுவே சரக்குக் கப்பல்கள் இரவும் பகலும் ஓடும் ஜப்பானின் செத்தோ உட்கடலில் அந்தக் கலைக்கு என்ன வேலை இருந்திருக்கும்? காமா ஹேலே என்ற துணைப்படகு சில இடங்களில் அதைக் கயிறு கட்டி இழுத்ததாம். அப்படியானால் அதை மரபுவழிப் பயணம் என்பது சரியா?

வடமீன்:
ஜப்பானின் தென்கோடியிலுள்ள ஒகினாவாவோடு வழியறியும் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். 2007 ஜனவரியில் ஹவாயிலிருந்து கிளம்பிய தோணி முதலில் மைக்ரோனீசியாவின் சதவால் தீவை நோக்கித்தான் சென்றது. 1976-இல் இதே தோணியைத் தாஹிதி வரை வழிநடத்திய மாவ் பியாய்லுக்கின் ஊர் அது. அவருக்கென ஹவாயில் கட்டிய அலிங்கானோ மைசு என்ற தோணியும் கூடவே சென்றது. நைனோவா தாம்சன் உள்ளிட்ட ஐந்து ஹவாய் மாலுமிகளை மாவ் அங்கே ‘ப்வோ’ என்னும் தலைமை வழியறிவோர் வரிசையில் சேர்த்தார்.

அடுத்து யாப் தீவிலிருந்து வடக்கே ஒகினாவா. எவ்வளவு வடக்கே வந்தோம் என்பதைத் துருவ நட்சத்திரத்தின் உயரமே சொல்லும். யாப்பில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ ஒன்பதரை பாகையில், அதாவது நீட்டிய கையின் மூடிய முட்டி அளவு உயரத்தில் நிற்கும். ஒகினாவாவின் இத்தோமான் துறைமுகத்தை எட்டும்போது அது 26 பாகை, இரண்டரை முட்டிக்கும் மேல். ஹவாய்ப் பெருந்தீவில் தலைக்கு நேர் மேலே கடக்கும் சுவாதி விண்மீன் இத்தோமானில் வான உச்சிக்கு ஏழு பாகை தெற்கே நழுவியிருக்கும். மேகம் மூடினால் அலை வரும் திசைதான் துணை.

பாய்மரத்தான்:
இழுத்ததைக் குறையாக நான் எண்ணவில்லை. ஃபுகுவோகாவிலிருந்து உட்கடலுக்குள் நுழையக் கன்மோன் நீரிணையைக் கடக்க வேண்டும். மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் சுமார் 600 மீட்டர். ஓதத்துக்கு ஏற்பத் திசை மாறும் நீரோட்டம் மணிக்கு 15 கிலோமீட்டரையும் தாண்டும். சுமார் 19 மீட்டர் நீளமுள்ள ஒரு தோணியைப் பாயை மட்டும் நம்பி அந்தக் கப்பல் நெரிசலுக்குள் விடுவது மரபுப் பற்று ஆகாது, மற்ற மாலுமிகளுக்கும் செய்யும் கேடு.

நெய்தல்:
நின்ற துறைகளைப் பார்த்தால் உட்கடலுக்குள் ஏன் நுழைந்தார்கள் என்பது தெரியும். மன்னர் கலாகவுவா 1881-இல் ஜப்பான் சென்று வந்தபின், 1885 முதல் அரசு ஒப்பந்தத்தில் ஜப்பானியர் ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறினர். அவர்களில் ஏராளமானோரை அனுப்பியது தோணி நின்ற சுவோ-ஓஷிமா தீவு. ஹிரோஷிமாவில் நின்றதற்கு விளக்கம் வேண்டியதில்லை. உவாஜிமாதான் மனத்துக்குக் கடினமான துறை. 2001 பிப்ரவரி 9 அன்று ஓஆஹு தீவுக்கு அப்பால் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் கிரீன்வில் திடீரென மேலெழுந்து மோதியதில், உவாஜிமா மீன்வள உயர்நிலைப் பள்ளியின் பயிற்சிக் கப்பல் எஹிமே மாரு மூழ்கியது. இறந்த ஒன்பது பேரில் நால்வர் மாணவர்கள். அந்த ஊருக்கு ஹவாயிலிருந்து ஒரு தோணி போய் நிற்பது கடலோடிகளின் முறைப்படி துக்கம் விசாரிப்பதே. அங்கே யார் இழுத்து வந்தார்கள் என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அலைவாய்:
மூவருக்கும் நன்றி. நெய்தல் சொல்வதை முழுதும் ஏற்கிறேன். ஆனாலும் பயணம் முடிந்த யோகோஹாமா வரையிலான முழுத் தூரத்தையும் ‘விண்மீன் வழிப் பயணம்’ என்று ஒரே மூச்சில் எழுதுவோர், இத்தோமானில் ஒரு கோடு கிழித்துவிட்டுத் தொடர்வது நேர்மை.