அம்மா கிளாஸ்ல கூடவே உட்காரணும்னு சொன்னா அது மறுப்பா இல்லையா? கணக்கு வாத்தியார் சாருக்கு ஒரு கேள்வி

அஸ்தம்பட்டி அப்பா:
ஸ்கூல் பீஸ் இழையில பேசிட்டிருக்கும்போது கணக்கு வாத்தியார் சார் போறபோக்குல ஒண்ணு கொளுத்திப் போட்டுட்டுப் போயிருக்காரு. படிக்காதவங்களுக்காக இங்க போடறேன்: "டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளை எந்த ஸ்கூலும் வேண்டாம்னு சொல்றதில்லை. அம்மா கூட வந்து உட்காருங்கன்னுதான் சொல்றாங்க. அது மறுப்பு இல்லை, அக்கறை." அங்கயே பதில் போட்டா பீஸ் பஞ்சாயத்துல காணாமப் போயிடும், அதான் தனி இழை.

சார், என் பொண்ணுக்கு 6 வயசு, டவுன் சிண்ட்ரோம், அதாவது பிறவியிலயே குரோமோசோம் ஒண்ணு கூடுதல், பேச்சும் கத்துக்கறதும் மெதுவாத்தான் வரும். இங்க சேலத்துல ஒரு மெட்ரிக் ஸ்கூலுக்கு, ஒண்ணாம் வகுப்புல சேக்கக் கூட்டிட்டுப் போனோம். ஆபீஸ் ரூம்ல ஒரு மேடம் மேஜை மேல இருந்த பேனா மூடியைக் காட்டி என்ன கலர்னு கேட்டாங்க. அவ "நீம்"னு சொன்னா. நீலம்தான், நாக்கு திரும்பல, அவ்வளவுதான். "பேச்சே வரலையே"ன்னு அந்த மேடம் எங்களைப் பாத்தாங்க. அந்த மூடியைக் கையில எடுத்து அவளே பேனாவுல மாட்டி வச்சா, அதை யாரும் பாக்கல. அப்பறம்தான் வருது கண்டிஷன். காலைல மணி அடிக்கறதுல இருந்து சாயங்காலம் வரைக்கும் வீட்டம்மா பின்பெஞ்சுல உட்காரணும், வருஷம் பூரா, இல்லன்னா எங்க செலவுல ஒரு ஆளை வைக்கணும், அதுக்கு சம்மதம்னு கையெழுத்துப் போட்டாத்தான் அப்ளிகேஷனே. என் வீட்டம்மா வேலைக்குப் போறவங்க, அவங்க சம்பளத்துலதான் ஸ்பீச் தெரபி ஓடுது. அந்த வேலையை விட்டுட்டு வந்து உட்காருன்னு சொல்றது அக்கறையா சார்?

கணக்கு வாத்தியார்:
என் பேரைத் தலைப்புலயே போட்டு இழை ஆரம்பிக்கிற அளவுக்கு நான் பெரிய ஆள் ஆயிட்டேன், நன்றி. 31 வருஷம் மெட்ரிக் ஸ்கூல்ல கணக்கு எடுத்தவன் நான். 45 பிள்ளைங்க இருக்கற ரூம்ல நின்னு பாத்திருக்கீங்களா தம்பி? ஒரு பிள்ளை திடீர்னு எழுந்து வெளிய ஓடினா டீச்சர் 44 பேரை விட்டுட்டு ஓடணுமா? அதுக்குத்தான் அம்மாவைக் கூட இருக்கச் சொல்றாங்க. கூட உட்காரச் சொல்றது மறுப்பு ஆகாது. "சேர்க்க மாட்டோம்"னு எழுத்துல குடுத்தாங்களா? இல்லை. அப்போ மறுப்பு இல்லை.

அஸ்தம்பட்டி அப்பா:
எழுத்துல குடுக்க மாட்டாங்க, அதுதானே வித்தை. வாசல்ல நிக்க வச்சே பேசி அனுப்பிடுவாங்க.

சட்டத்துக்கு வரேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2017 ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு. 16-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா அரசு பணம் வாங்கற ஸ்கூல் மட்டுமில்ல, அரசு அங்கீகாரம் வாங்கின ஸ்கூலும் பாகுபாடு இல்லாம சேத்துக்கணும், அந்தப் பிள்ளைக்குன்னு தனியா வேண்டிய உதவியையும் செஞ்சு தரணும். உதவி செய்ய வேண்டியது நிறுவனம் சார், என் வீட்டம்மா இல்ல. அந்த பேனா மூடி இன்டர்வியூ இருக்கே, 2009 கல்வி உரிமைச் சட்டம் 13-வது பிரிவுலயே சேர்க்கைக்கு வடிகட்டுற தேர்வு வைக்கக் கூடாதுன்னு இருக்கு. பிள்ளையும் பரீட்சை எழுதக் கூடாது, பெத்தவங்களும் எழுதக் கூடாது.

கணக்கு வாத்தியார்:
பாதியை மட்டும் படிச்சா இப்படித்தான். அதே 16-வது பிரிவுல, ஸ்கூல்கள் இதையெல்லாம் செய்யறதுக்கு அரசு முயற்சி எடுக்கணும்னுதான் ஆரம்பிக்குது. ஆளுக்கு சம்பளம் ஸ்கூல் குடுக்கணும்னு எந்த வரியில இருக்கு? காட்டுங்க. கூட உட்காரச் சொல்றது மறுப்பு ஆகாது.

எல்கேஜி அம்மா:
நான் சொன்னா எல்லாரும் அடிக்க வருவீங்க, பரவால்ல. என் பையன் கிளாஸ்ல அந்த மாதிரி ஒரு பிள்ளை இருக்கு. பாவம்தான், நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரி இல்ல. ஆனா டீச்சருக்குப் பாதி நேரம் அங்கயே போயிடுது. நாங்களும் பீஸ் கட்டித்தானே சேத்திருக்கோம்? அந்த அம்மா வந்து உட்கார்ந்தா என்ன தப்பு?

அஸ்தம்பட்டி அப்பா:
மேடம், "அந்த மாதிரி பிள்ளை"க்கு ஒரு பேர் இருக்கும், உங்க பையன்கிட்ட கேளுங்க, அவனுக்குத் தெரியும்.

டீச்சருக்கு நேரம் பத்தலன்னா கேக்க வேண்டியது இன்னொரு டீச்சரை, இன்னொருத்தங்க அம்மாவை இல்ல. சுப்ரீம் கோர்ட் 2021-ல விகிதம் வகுக்கச் சொல்லி, 2022-ல மத்திய அரசே அறிவிச்சிருச்சு, தொடக்க வகுப்புல 10 மாற்றுத்திறன் பிள்ளைக்கு 1 சிறப்பாசிரியர், நடுநிலையில இருந்து மேல 15-க்கு 1. ஸ்மார்ட் கிளாஸ் போர்டுக்கு பீஸ் ஏத்தறப்ப சத்தமே இல்லாம கட்டறோம், ஒரு சிறப்பாசிரியரை வைங்கன்னு கேட்டா மட்டும் ஊரே கணக்கு பாக்குது.

அம்மாபேட்டை தறி:
அண்ணா ஒண்ணு கேக்கறேன் கோவிச்சுக்காதீங்க. எதுக்கு அந்த மெட்ரிக் வாசல்ல போய் நிக்கறீங்க? எங்க அக்கா பையனுக்கும் இதேதான், எங்க தெரு கார்ப்பரேஷன் ஸ்கூல்ல மூணாவது படிக்கறான். யாரும் அக்காவை உட்காரச் சொல்லல, சொன்னா தறி யார் ஓட்டறது. வட்டார வள மையத்துல இருந்து சிறப்பாசிரியர் வராங்க, பிசியோதெரபி பாக்கறாங்க. பென்சில் பிடி வரலன்னு ரப்பர் ஸ்பான்ஞ்சை வெட்டி பென்சில்ல சுத்திக் குடுத்தாங்க, பைசா செலவில்ல, இப்ப பேரோட முதல் எழுத்து எழுதறான். சாப்பாட்டு நேரத்துல தட்டு எடுத்து வைக்கறது அவன் வேலை, யாராவது எடுத்துட்டா சண்டை. மத்ததெல்லாம் பக்கத்துல உட்கார்ற பசங்களைப் பாத்துத்தான் கத்துக்கறான், அதை எந்த தெரபிலயும் குடுக்க முடியாது.

கணக்கு வாத்தியார்:
பாத்தீங்களா, அவங்களே சொல்லிட்டாங்க. அரசுப் பள்ளியில வசதி இருக்கு, அங்க போங்க. பிரச்சனை முடிஞ்சுது.

அம்மாபேட்டை தறி:
நான் அப்படிச் சொல்லல சார். உங்க ஸ்கூல்ல வேண்டாம்னு தள்றதெல்லாம் எங்க ஸ்கூல்ல கொண்டாந்து கொட்டணுமா? நல்லா படிக்கற பிள்ளை எல்லாம் உங்களுக்கு, ரிசல்ட் பேனர் கட்ட. எங்க டீச்சரும் மனுசிதான், அவங்க ரூம்லயும் ரெண்டு வகுப்பு சேந்து உட்காருது. சிறப்பாசிரியர் தினமும் வரமாட்டாங்க, பல ஸ்கூல் பாக்கணும்.

ஏற்காடு காபி:
தினமும் வரலன்னு கவலைப்படறீங்க, மலை மேல வந்து பாருங்க. கீழ இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரணும். மழைன்னா வரமாட்டாங்க, கோடை விழான்னா டிராபிக்ல வரமுடியாது. நாகலூர், வாழவந்தி பக்கம் எஸ்டேட் லைன்ல இருக்கற பிள்ளைங்களுக்கு யார் இருக்கா? இங்கயே பெரிய பெரிய போர்டிங் ஸ்கூல் இருக்கு, வெளிநாட்டுல இருந்தெல்லாம் வந்து படிக்கறாங்க, உள்ளூர் பிள்ளைக்கு கேட்டுக்கு வெளிய நின்னு பாக்கத்தான் குடுப்பினை. கல்வி உரிமைச் சட்டத்துல தனியார் ஸ்கூல் நலிந்த பிள்ளைங்களுக்கு இலவசமா விட வேண்டிய 25 சதவீத ஒதுக்கீடு கேட்டா சிறுபான்மை நிறுவனம்பாங்க, 2014-ல சுப்ரீம் கோர்ட் அவங்களுக்கு அது கிடையாதுன்னு விட்டுருச்சு.

அஸ்தம்பட்டி அப்பா:
கல்வி உரிமைச் சட்டத்துல இருந்துதான் விலக்கு. 2016 சட்டத்துல அப்படி ஒரு விலக்கு எழுதல. அங்கீகாரம் வேணும்னா அங்கீகாரத்தோட பொறுப்பும் வேணும்.

தறி தம்பி, மெட்ரிக் வாசல்ல ஏன் நிக்கறேன்னா என் பெரியவன் அங்கதான் படிக்கறான். அண்ணனும் தங்கச்சியும் ஒரே வேன்ல போகணும்னு நினைக்கறது பேராசையா? கார்ப்பரேஷன் ஸ்கூலை நான் குறைவா சொல்லல, என்னைத் துரத்தி விட்டு அங்க போன்னு சொல்றதைத்தான் கேக்கறேன்.

சொந்தக்காரன்_சூரமங்கலம்:
இதெல்லாம் சொந்தத்துல கல்யாணம் பண்றதால வர்றது. அத்தை பொண்ணு மாமன் மகன்னு கட்டறதை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க, அப்பறம் சட்டம் பேசலாம்.

அஸ்தம்பட்டி அப்பா:
வந்துட்டாருய்யா. நானும் என் வீட்டம்மாவும் சொந்தம் இல்ல, ஜாதகம் பாத்து தரகர் கொண்டாந்த சம்பந்தம். 21-வது குரோமோசோம் ரெண்டுக்குப் பதிலா மூணா இருக்கும், முக்காவாசிக்கு மேல கருமுட்டை உருவாகும்போது நடக்கற பிசகு, பரம்பரை இல்ல. 1959-லயே லெஜூன்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் கண்டுபிடிச்சு சொல்லியாச்சு. சொந்தத்துல கட்டினா வர்ற நோய்ங்க வேற, இது அதுல சேராது. தாய்க்கு வயசு கூடினா வாய்ப்பு கூடும், ஆனா சின்ன வயசு அம்மாக்களுக்கும் பிறக்குது.

சொந்தக்காரன்_சூரமங்கலம்:
எங்க தெருவுல ஒரு குடும்பம் சொந்தத்துல கட்டி அப்படிப் பிறந்திருக்கு, நேர்ல பாத்ததைச் சொன்னா கூகுள் டாக்டருக்குக் கோவம் வருது.

ஏற்காடு காபி:
உங்க தெருவுல ஒரு குடும்பம். போதும்யா, ஆராய்ச்சி முடிஞ்சுது, பட்டம் குடுத்துடலாம்.

கணக்கு வாத்தியார்:
விஷயத்துக்கு வாங்க. 25 சதவீதத்துல மாற்றுத்திறன் பிள்ளைக்கு குலுக்கல் இல்லாமலே முன்னுரிமை இருக்கு, 2012 திருத்தத்துலயே வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுன்னு சேத்தாச்சு. அதை எல்கேஜி வயசுல போடாம விட்டுட்டு, இப்ப ஒண்ணாம் வகுப்புக்கு வந்து நின்னா ஸ்கூல் என்ன பண்ணும்? சேர்க்கை நுழைவு வகுப்புக்குத்தான்.

அஸ்தம்பட்டி அப்பா:
எல்கேஜி வயசுல என் பொண்ணு ஆஸ்பத்திரியில இருந்தா சார். இந்தப் பிள்ளைங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் பிறவியிலயே இதயத்துல குறை இருக்கும், அவளுக்கும் ஓட்டை இருந்துச்சு, ஆபரேஷன் முடிஞ்சு தேறி வரணும்ல? அப்ளிகேஷன் தேதி பாத்தா ஓட்டை அடையும்?

நான் இலவச சீட்டும் கேக்கல, பீஸ் கட்டறேன்னுதான் சொன்னேன். கேட்டிருந்தாலும் தப்பில்ல, 2016 சட்டம் 31-வது பிரிவுல 40 சதவீதமோ அதுக்கு மேலயோ ஊனம்னா 6 வயசுல இருந்து 18 வரைக்கும் இலவசக் கல்வி, பக்கத்து ஸ்கூலா சிறப்புப் பள்ளியாங்கறது அந்தப் பிள்ளையோட விருப்பம்னு இருக்கு. ஸ்கூலோட விருப்பம்னு இல்ல.

எல்கேஜி அம்மா:
சிறப்புப் பள்ளின்னு சட்டத்துலயே இருக்குல்ல, அங்க தனியா பயிற்சி குடுத்த ஆசிரியர்ங்க இருப்பாங்க, பிள்ளைக்கும் நல்லது. எதுக்கு இவ்வளவு பிடிவாதம்னு புரியல.

அஸ்தம்பட்டி அப்பா:
இருக்கட்டும், வேணும்ங்கறவங்க போகட்டும். என் பொண்ணு வாயில வர்றதை விட காதுல வாங்கறது அதிகம், கண்ணால பாத்துக் கத்துக்கறது அதைவிட அதிகம். அண்ணன் ஷூ மாட்டறதைப் பாத்து ஒட்டற ஷூவைத் தானே மாட்டிப் பழகினா, நான் சொல்லிக் குடுத்தப்ப வரல. பாக்கறதுக்குப் பேசற பிள்ளைங்க வேணும்ங்க அவளுக்கு. அம்மா பக்கத்துலயே உட்கார்ந்திருந்தா எந்தப் பிள்ளை வந்து பேசும்? டீச்சரே பேசமாட்டாங்க, "அம்மா நீங்க பாத்துக்கங்க"ன்னு விட்டுடுவாங்க. ஒரு கிளாஸ் ரூம்ல தனியா ஒரு கிளாஸ் நடக்கும்.

கணக்கு வாத்தியார்:
உணர்ச்சிவசப்படறது வேற, நிர்வாகம் வேற. ஈரடுக்கு மேம்பாலம் கட்டறப்பவும் இதே மாதிரிதான் இந்தத் தளத்துல தூண் தூணா சண்டை போட்டீங்க, நான் சொன்னதுதான் கடைசியில நடந்துச்சு.

ஏற்காடு காபி:
மேம்பாலத்துல நீங்க சொன்னது ஒண்ணுமே நடக்கல சார். ஐந்து ரோட்டுல டிராபிக்கே இருக்காதுன்னீங்க. நேத்து அங்கதான் முக்கா மணி நேரம் நின்னேன்.

கணக்கு வாத்தியார்:
மலையில இருக்கறவங்களுக்கு சிக்னல் பழக்கம் இல்ல, நாங்க என்ன பண்றது.

அஸ்தம்பட்டி அப்பா:
மேம்பாலத்தை விடுங்கய்யா. அடுத்து என்ன பண்ணப் போறேன்னு சொல்லிடறேன், இதே நிலைமையில இருக்கறவங்களுக்கு உதவும். வாய்ப்பேச்சு வேண்டாம், அப்ளிகேஷனை டெலிவரி ஆனதுக்கு அத்தாட்சி கிடைக்கற மாதிரி ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, சேக்கலன்னா காரணத்தை எழுத்துல குடுங்கன்னு அதுலயே கேளுங்க. யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) நகல், டாக்டர் சான்றிதழ் வைங்க. அப்பறம் முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு ஒண்ணு, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல ஒண்ணு. அதுக்கும் மேல மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்காரு. 2016 சட்டத்தை மீறினா முதல் தடவை 10,000 ரூபா வரைக்கும், அடுத்த தடவை 50,000-ல இருந்து 5 லட்சம் வரைக்கும் அபராதம், 89-வது பிரிவு. நான் திங்கக்கிழமை போறேன்.

அம்மாபேட்டை தறி:
போய்ட்டு வாங்கண்ணா. ஆனா மனு குடுத்து சேத்த பிள்ளையை உள்ள எப்படி வச்சுக்குவாங்கன்னும் யோசிச்சுக்கங்க. நாங்க பாத்திருக்கோம்.

கணக்கு வாத்தியார்:
கேஸ் போடறேன்னு மிரட்டி உள்ள போன பிள்ளைக்கு எந்த டீச்சர் மனசோட சொல்லிக் குடுப்பாங்க? நல்லதுக்குத்தான் சொல்றேன். கூட உட்காரச் சொல்றது மறுப்பு ஆகாது.

எல்கேஜி அம்மா:
எந்த ஸ்கூல்னு சொல்லவே இல்லையே? இன்பாக்ஸ்ல சொல்லுங்க, நாங்களும் தெரிஞ்சுக்கறோம்.

அஸ்தம்பட்டி அப்பா:
சொல்லமாட்டேன் மேடம், மனு குடுக்கப் போற நேரத்துல பேர் போட்டா அதை வச்சே என்னைத் திருப்பி அடிப்பாங்க. ஆனா கணக்கு சார் இவ்வளவு வரிஞ்சு கட்டிட்டு வர்றதைப் பாத்தா அவருக்கு எந்த ஸ்கூல்னு நல்லாவே தெரியும் போல.

கணக்கு வாத்தியார்:
என்ன அர்த்தத்துல சொல்றீங்க? நான் ரிடையர் ஆகி வருஷக்கணக்காச்சு, எவன் சம்பளத்துலயும் பேசல. இது தனிமனித தாக்குதல், நிர்வாகிகிட்ட புகார் குடுக்கப் போறேன்.

அஸ்தம்பட்டி அப்பா:
குடுங்க. 31 வருஷ சர்வீஸ்ல எத்தனை அம்மாக்களைப் பின்பெஞ்சுல உட்கார வச்சீங்கன்னும் சேத்து எழுதுங்க.

கணக்கு வாத்தியார்:
ரெண்டு பேர். ரெண்டு பேருமே சந்தோஷமா உட்கார்ந்தாங்க.

அஸ்தம்பட்டி அப்பா:
கேட்டீங்களா அவங்ககிட்ட?

சொந்தக்காரன்_சூரமங்கலம்:
அந்த ரெண்டு குடும்பமும் சொந்தத்துல கட்டினவங்களான்னு கேட்டுச் சொல்லுங்க சார்.