அம்மா சொல்லாமல் விட்ட வரி

அனைவருக்கும் ஸ்தோத்திரம். கடவுளின் மன்னிப்புக்கு நிபந்தனை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு என்பவருக்கும் வசனம் இருக்கிறது, இல்லை என்பவருக்கும் வசனம் இருக்கிறது. எனக்கு அந்தக் கேள்வி அம்மாவின் உதடுகளைப் பார்த்தபோதுதான் எழுந்தது.

சிறுவனாக இருந்தபோது எங்கள் சபையின் கோயிலில் பெண்கள் பக்கம் அம்மாவோடு நிற்பேன். இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தில் ‘எங்களுக்குக் குற்றஞ்செய்தவர்களுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல’ என்ற இடம் வந்ததும் அம்மாவின் வாய் மூடிக்கொள்ளும். பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் கீறிக்கொண்டு நிற்பார். சபை ‘எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்’ என்று போகும்போது மறுபடி சேர்ந்துகொள்வார். அவர் நகம் பட்டுப் பட்டு அந்த அட்டையின் ஓரம் பஞ்சுபோல் ஆகிவிட்டது.

காரணம் பெரிய மாமா. தாத்தா இறந்த பிறகு, கூட்டுப் பட்டாவைப் பிரிக்க வேண்டும் என்று அம்மாவைப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போய்க் கையெழுத்து வாங்கினார். அது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கிணற்றுப் பங்கும் முப்பது பனையும் போயின. மாமா அதே கோயிலில் மூன்றாவது வரிசையில் அமர்ந்து, மாதந்தோறும் இராப்போஜனப் பந்தியில் அப்பமும் ரசமும் எடுத்துக்கொண்டிருந்தார்.

1992-இல் ஒரு சனிக்கிழமை மாலை சபை மூப்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வேதாகமத்தைத் திறந்து மத்தேயு 6:15-ஐ வாசித்தார். “நீங்கள் மன்னிக்காவிட்டால் ஆண்டவர் உங்களையும் மன்னிக்க மாட்டாரே அம்மா, நாளைக்கு எப்படிப் பந்திக்கு வருவீர்கள்?” என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. மூப்பர் குடித்து வைத்த காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு ஏழு ஆண்டுகள், சபை பந்திக்கு எழும் நேரத்தில் அவர் மட்டும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நிற்பார்.

அந்த மூப்பர் மேல் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. வசனம் சரியானது. அதைக் கொண்டுபோன வாசல்தான் தப்பு. மத்தேயு 18-இல் இயேசு சொல்லும் கதையில் ஒரு ஊழியக்காரன் ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. அப்படியானால் அது 6 கோடி நாள் கூலி! அவன் கேட்டது தவணைதான். ராஜா கடனையே விட்டுவிடுகிறார், ஒரு நிபந்தனையும் சொல்லாமல். அதே ஆள் வெளியே போய், நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன் ஊழியக்காரனின் தொண்டையை நெரித்தபோதுதான் ராஜா மறுபடி கணக்குக் கேட்கிறார். மன்னிப்பு முதலில் வந்துவிட்டது. பெற்றவன் அதை எப்படிச் சுமக்கிறான் என்பதே பிறகு வரும் கேள்வி. மூப்பர் அம்மாவை நெரித்தவன் இடத்தில் நிறுத்தினார். எங்கள் வீட்டுக் கதையில் நெரிபட்டது அம்மாவின் தொண்டை.

ஆங்கிலிக்கன் சபையின் 1662-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகம்கூட இதில் கவனமாக இருக்கிறது. பகை கொண்ட இருவரில் ஒருவர் மனதார மன்னிக்கவும், தன் பக்கத்துக் குற்றத்துக்கு ஈடு செய்யவும் முன்வந்து, மற்றவர் பிடிவாதம் செய்தால், பிடிவாதக்காரரைத்தான் பந்திக்குச் சேர்க்கக் கூடாது என்கிறது. மாமாவின் வீட்டு வாசலை எந்த மூப்பரும் மிதிக்கவில்லை.

1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய மகன்கள் பிலிப், திமோத்தியும் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பிள்ளைகளுக்கு வயது பத்தும் ஆறும். அவருடைய மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். பாரிபதாவில் தொழுநோயாளர் இல்லத்துப் பணியையும் தொடர்ந்தார். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அம்மா கேட்டார்: “அந்த அம்மாளிடம் யாராவது போய், மன்னித்தால்தான் பந்தி என்று சொன்னார்களா?”

அந்த ஆண்டு உயிர்த்தெழுந்த ஞாயிறன்று அம்மா எழுந்து பந்திக்குப் போனார். வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன். “மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்லவில்லை. மன்னிக்கிற மனதைத் தாரும் என்று கேட்டுக்கொண்டுதான் கையை நீட்டினேன்” என்றார். மாமா மேல் போட்டிருந்த வழக்கை அவர் வாபஸ் வாங்கவும் இல்லை.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் மன்னிப்பைக் குறிக்க வரும் ‘அஃபெசிஸ்’ என்ற சொல்தான், லூக்கா 4:18-இல் சிறைப்பட்டவர்களுக்கான விடுதலையையும் குறிக்கிறது. ஏமாற்றி வாங்கிய விடுதலைப் பத்திரம் செல்லாது என்றால், மிரட்டி வாங்கிய மன்னிப்பு மட்டும் எப்படிச் செல்லும்?

மறுமொழி

தம்பி, நான் கத்தோலிக்கப் பெண். நாங்கள் ‘தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பது போல’ என்று சொல்லுவோம். நான் நின்றது உங்கள் மாமாவின் பக்கம், அதனால் எழுதுகிறேன்.

துணிக்கடையில் கல்லாவில் இருந்தபோது சிறிது சிறிதாகப் பணம் எடுத்தேன். பிறகு வேலையை விட்டுவிட்டேன், தூக்கம் வரவில்லை. சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் நல்லபடி அமைய வேண்டியவை ஐந்து என்று சிறுவயதில் மனப்பாடம் செய்திருந்தேன். ஐந்தாவது அபராதம் தீர்ப்பது. பணத்தை முழுதும் கட்டாமல் போனால் சாமியார் திருப்பி அனுப்பிவிடுவார் என்று பயந்து இரண்டு வருடம் போகவே இல்லை.

ஒருவழியாகப் போய் முழங்காலிட்டேன். “திருப்பிக் கொடுப்பாயா?” என்று கேட்டார். “கொடுப்பேன், ஆனால் இப்போது கையில் இல்லை, சாமி” என்றேன். அங்கேயே பாவமன்னிப்பு வழங்கிவிட்டார். கடைக்காரரிடம் பணம் போய்ச் சேரப் பதினான்கு மாதம் ஆனது, ஒவ்வொரு மாதமும் ஒரு உறையில். கட்டி முடித்துவிட்டு வா என்று அவர் சொல்லியிருந்தால் நான் கட்டியிருக்கவும் மாட்டேன், திரும்பி வந்திருக்கவும் மாட்டேன். வரி வசூலித்த சகேயுவின் வீட்டுக்கும் ஆண்டவர் முதலில் வருகிறேன் என்றார். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகக் கொடுக்கிறேன் என்று அவன் சொன்னது பிறகுதான்.

உங்கள் மாமா திருப்பிக் கொடுத்தாரா?

மறுமொழி

இல்லை அக்கா. 2011-இல் இறந்துபோனார், கடைசிவரை மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடக்க ஆராதனைக்கு அம்மா போனார். கல்லறைத் தோட்டம்வரை நடந்தும் வந்தார். மாமா மகன்தான் மூன்று வருடம் கழித்து வக்கீலைக் கூட்டிக்கொண்டு வந்து சமரசம் பேசினான். கிணற்றுப் பங்கு அம்மா பெயருக்கு வந்தது. பனைகள் முப்பதும் அதற்கு முன்பே வெட்டப்பட்டுச் செங்கல் சூளைக்குப் போய்விட்டிருந்தன. அவற்றுக்குப் பணம் தருகிறேன் என்று அவன் சொன்னபோது, “அதை விடு, சாப்பிட்டுவிட்டுப் போ” என்று அம்மா இலை போட்டார்.