காசிமேட்டு ஜிங்க் கட்டியும் கீர்த்தனாவின் கணக்கும்

குழு: தண்டையார்பேட்டை வீடு
ஞாயிறு இரவு

கீர்த்தனா, 8:41
அத்தை, டேனியல் மின்கலக் கணக்கு மூன்று முறை போட்டும் தப்பாகவே வருகிறது. செம்பு 0.34, துத்தநாகம் 0.76; 0.34 − 0.76 = −0.42 வோல்ட். கட்டிலா ஆற்றல் மாற்றம் +81 கிலோஜூல். அப்படியென்றால் மின்கலம் ஓடவே ஓடாதே. புத்தகத்தில் 1.10 வோல்ட் என்று இருக்கிறது.

காமாட்சி அத்தை, 8:44
மின்முனை அழுத்த அட்டவணையில் துத்தநாகத்துக்கு என்ன போட்டிருக்கிறது?

கீர்த்தனா, 8:45
−0.76. அது எலக்ட்ரானை இழந்து ஆக்சிஜனேற்றம் அடைகிறதே என்று குறியை மாற்றினேன். அப்புறம் சூத்திரப்படி கழித்தேன்.

காமாட்சி அத்தை, 8:47
அங்கேதான் சறுக்கியிருக்கிறாய் கண்ணு. குறியை மாற்றினால் கூட்ட வேண்டும். கழிப்பதென்றால் மாற்றக் கூடாது. நீ இரண்டையும் செய்துவிட்டாய். அட்டவணையில் உள்ளபடியே எடுத்து, கேத்தோடான செம்பிலிருந்து ஆனோடான துத்தநாகத்தைக் கழி. 0.34 − (−0.76).

கீர்த்தனா, 8:50
1.10! இரண்டு எலக்ட்ரான், ஃபாரடே மாறிலி 96500: −2 × 96500 × 1.10 = −212.3 கிலோஜூல். வந்துவிட்டது.

கீர்த்தனா, 8:51
ஆனால் எது ஆனோடு என்பதிலேயே எனக்குக் குழப்பம். ஆனோடு என்றால் நேர்மின்வாய் என்றுதானே படித்தோம்? இங்கே துத்தநாகம் ஆனோடு, பக்கத்தில் கழித்தல் குறி.

காமாட்சி அத்தை, 8:58
நல்ல கேள்வி. நிறைய பிள்ளைகள் இதைக் கேட்காமலே மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறார்கள். மின்னாற்பகுப்பில் ஆனோடைப் பேட்டரியின் நேர்முனையில் இணைக்கிறோம், அதனால் அங்கே அந்தப் பெயர் பொருந்தும். டேனியல் மின்கலத்தில் துத்தநாகம் அயனியாகக் கரைந்து போகும்போது எலக்ட்ரான்களைத் தகட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறது. அதனால் கழித்தல் குறி. 1834இல் ஃபாரடே ஆனோடு என்ற சொல்லைக் கொண்டுவந்தபோது அதில் நேரும் இல்லை, எதிரும் இல்லை. கிரேக்க மொழியில் மேலேறும் வழி என்றுதான் பொருள். இரண்டு இடத்திலும் மாறாதது ஒன்றுதான்: ஆனோடில் ஆக்சிஜனேற்றம். ஆவுக்கு ஆ.

முருகன் மாமா, 9:06
[படம்]
நீங்கள் துத்தநாகம் என்று பேசுவதைப் பார்த்து இதை அனுப்புகிறேன். இன்று காசிமேட்டில் ஒரு இரும்புப் படகைக் கரையேற்றினோம். சுக்கானுக்குப் பக்கத்தில் இருந்த ஜிங்க் கட்டி இது. போட்டபோது செங்கல் மாதிரி இருந்தது. இப்போது கரையான் அரித்த கட்டை மாதிரி குழி குழியாக இருக்கிறது, விரலால் தேய்த்தால் வெள்ளையாக மாவு வருகிறது. ஆனால் அதைச் சுற்றியுள்ள இரும்பு சுத்தமாக இருக்கிறது. ஒரு பையன் கட்டி மேலும் பெயின்ட் அடிக்கப் போனான், தடுத்துவிட்டேன். அடிக்கக் கூடாது என்று எங்கள் மேஸ்திரி சொல்லித் தந்தது. ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காமாட்சி அத்தை, 9:08
கீர்த்தனா, மாமாவுக்கு நீ சொல்.

கீர்த்தனா, 9:15
மாமா, துத்தநாகம் −0.76, இரும்பு −0.44. கடல் நீரில் இரண்டும் ஒட்டியிருந்தால் துத்தநாகம்தான் ஆனோடு. அது கரைந்து எலக்ட்ரானை இரும்புக்குத் தருகிறது, இரும்பு கேத்தோடாக இருப்பதால் கரையாது. பெயின்ட் அடித்தால் ஜிங்க் தண்ணீரில் படாது, கரைய வழியில்லை. அப்புறம் இரும்புக்குக் காவல் இல்லை. சரியா அத்தை?

காமாட்சி அத்தை, 9:17
ரொம்பச் சரி. பரீட்சையில் கேட்டால் இதையே எழுது. ஃபாரடேயின் குரு ஹம்ப்ரி டேவி 1824இல் இதே வழியில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செம்புத் தகடுகளைக் காப்பாற்றினார். செம்பு கரையாமல் நின்றது. ஆனால் கரைகிற செம்பு விஷம் என்பதால்தான் அதுவரை சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருந்தன. கரைவது நின்றதும் எல்லாம் வந்து அடியில் அப்பிக்கொண்டன.

முருகன் மாமா, 9:19
ஐயோ, சிப்பி ஏறினால் படகு இழுக்காதே. டீசல்தான் போகும்.

பிரவீன் அண்ணன், 9:24
கீர்த்தி, தகரம் −0.14. தகரம் பூசிய டப்பாவில் கீறல் விழுந்தால் என்ன ஆகும்?

கீர்த்தனா, 9:27
அங்கே இரும்புதான் ஆனோடு. −0.14 − (−0.44) = 0.30. பூசாததை விட வேகமாகத் துருப்பிடிக்கும். கணக்கு இப்போது கையிலேயே வருகிறது அண்ணா.

முருகன் மாமா, 9:31
இன்னொன்று. இந்தக் கட்டி 5 கிலோவாகப் போட்டது. தராசில் வைத்தேன், இப்போது 2 கிலோ. அந்த 3 கிலோ எவ்வளவு இரும்பைக் காப்பாற்றியிருக்கும்?

கீர்த்தனா, 9:44
3000 ÷ 65.4 = 45.87 மோல். அணுவுக்கு இரண்டு எலக்ட்ரான், ஆக 45.87 × 2 × 96500, ஏறக்குறைய 88.5 லட்சம் கூலும். அதே மின்னூட்டத்துக்கு இரும்பு கரைந்திருந்தால் 45.87 × 55.85, இரண்டரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

காமாட்சி அத்தை, 9:46
ஜிங்க் தானாகவும் கொஞ்சம் கரையும், அதனால் உண்மையில் இதைவிடக் குறைவாக இருக்கும். கணக்கு சரி.

முருகன் மாமா, 9:48
இரண்டரை கிலோ! நாளை அந்தக் கட்டியை வீட்டுக்குக் கொண்டு வருகிறேன்மா, கையில் எடுத்துப் பார்.