உப்பளத்தில் மருத்துவ முகாமா, கழிப்பறையா? எதற்குப் பணம் செலவழிக்கலாம்?

முத்துநகர்_தம்பி:
தூத்துக்குடி பக்கம் எங்கள் ஊர்ப் பையன்கள் சேர்ந்து கொஞ்சம் பணம் திரட்டி வைத்திருக்கிறோம். உப்பள வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒருநாள் முகாம் போட்டு பிரஷர், சுகர், கண் எல்லாம் பார்க்கலாம் என்று திட்டம். அத்தையிடம் சொன்னால், "முகாம் வருசா வருசம் வருது, ஒதுங்க ஒரு மறைவு இல்ல, அத யாரு கேக்குறா" என்கிறார். விடியுமுன்பே அளத்துக்குப் போகிறவர், தண்ணீர் கேன் பாதிக்குமேல் அப்படியே திரும்பி வருகிறது. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தால் ஏதாவது நடக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கடலோர_செவிலி:
அத்தை சொல்வதுதான் சரி தம்பி. ஒதுங்க இடமில்லை என்பதால் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை, வந்தாலும் அடக்கிக்கொள்கிறார்கள். "நிறைய தண்ணீர் குடிங்கம்மா" என்று நோட்டீஸ் அடித்துக் கொடுத்து என்ன பிரயோஜனம்?

முகாம் போட்டே ஆகவேண்டும் என்றால் பிரஷர், சுகரோடு நிறுத்தாதீர்கள். வெயிலில் நீர் வற்றி வருகிற சிறுநீரகப் பாதிப்பு, அந்த இரண்டும் இல்லாதவர்களுக்கும் வரும். ஆரம்பத்தில் சிறுநீரில் புரதமும் பெரிதாகத் தெரியாது, ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) பார்த்தால்தான் பிடிபடும். அப்புறம் வலி மாத்திரை. "மாத்திரை போடுறீங்களா" என்றால் இல்லை என்பார்கள், "கைகால் வலிச்சா என்ன பண்ணுவீங்க" என்று கேளுங்கள், முந்தானையில் முடிந்து வைத்திருப்பதை எடுத்துக் காட்டுவார்கள். நீர் வற்றிய உடம்பில் டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரையைத் தினமும் போட்டால் சிறுநீரகம் தாங்காது.

பழைய_மனுதாரர்:
கழிப்பறை என்று எழுதுவது சுலபம். அளத்தில் நாலடி தோண்டினால் உப்புத்தண்ணீர் ஊறுகிறது, செப்டிக் டேங்க் எங்கே கட்டுவது? எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் கட்டினார்கள், ஊற்றத் தண்ணீர் இல்லை, ஒரு மாதத்தில் பூட்டு, சாவி கணக்கப்பிள்ளை இடுப்பில். இப்போது அதில் மண்வெட்டி கிடக்கிறது.

காவிரிக்கரை_இன்ஜினியர்:
தோண்டவே வேண்டாம் ஐயா. எங்கள் முசிறியில் காவிரிக்கரை என்பதால் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும், குழிக் கழிப்பறை அங்கே சரிப்பட்டு வரவில்லை. அதனால் ஈகோசான் கட்டினார்கள். தரைக்கு மேலே இரண்டு அறை, மலம் உள்ளே விழும், சிறுநீரும் கழுவுகிற தண்ணீரும் தனித்தனி வழியில் வெளியே போய்விடும். ஒவ்வொரு முறையும் ஒரு கை சாம்பல் போட வேண்டும். ஓர் அறை நிறைந்தால் மூடிவிட்டு அடுத்தது. மூடியது பல மாதம் கழித்து எருவாகிவிடும். ஃப்ளஷ் தண்ணீரே தேவையில்லை, உங்கள் இடத்துக்கு அதுதான் தோது.

ஆனால் பார்த்துக்கொள்ள சம்பளத்துக்கு ஓர் ஆள் வேண்டும், அது இல்லையென்றால் கட்டவே கட்டாதீர்கள். (சாம்பல் என்றதும் அனல் மின் நிலையத்தில் லாரி பிடித்துவிடாதீர்கள், விறகடுப்புச் சாம்பல் அல்லது மரத்தூள்.)

அளத்துப்_பிள்ளை:
எங்கம்மா முப்பது வருசமாக உப்பு வாருகிறவர். ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். கழிப்பறையை அம்பாரம் (உப்புக் குவியல்) பக்கத்தில் வைக்காதீர்கள், அங்கேதான் லாரிக்காரர்கள் நிற்பார்கள், ஒரு பொம்பளையும் போகமாட்டாள். பாத்தியில் இருந்து ரொம்ப தூரம் என்றாலும் போகமாட்டார்கள், நடை கணக்கு பாத்திக்கணக்கை இடிக்கும், கூலி குறையும். எங்கே வைப்பது என்று அங்கே வேலை செய்கிற பெண்களைக் கேட்டு முடிவு பண்ணுங்கள். நிழலுக்கு ஒரு கொட்டகையும் பக்கத்திலேயே இருந்தால் நல்லது.

பழைய_மனுதாரர்:
முசிறி விஷயம் நல்ல தகவல், நன்றி. தம்பி, அப்படியென்றால் மனுவில் இதையெல்லாம் சேருங்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டில் ஏழு உப்பளங்களில் 352 பேரை ஆய்வு செய்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்கிறார்கள், 7 சதவீதம் பேருக்கு சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது, செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். சாகுமுன் தண்ணீருக்கும் நிழலுக்கும் அந்தப் பேரிடர் நிதியில் வழி பண்ணுங்கள் என்று நேராகவே எழுதலாம். எல் சால்வடார், நிகரகுவா கரும்புத் தோட்டங்களில் இளவயது ஆண்கள் சிறுநீரகம் போய்ச் செத்த பிறகுதான் தண்ணீர், ஓய்வு, நிழல் என்று முறை வைத்து வேலை வாங்க ஆரம்பித்தார்கள். மனுவில் பையன்கள் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது, அளத்துப் பெண்களே நேரில் வர வேண்டும். ஒருநாள் கூலி போகும், உங்கள் முகாம் பணத்தில் முதலில் அதைக் கொடுங்கள்.

முத்துநகர்_தம்பி:
கூலியைக் கொடுப்பது நல்ல யோசனை, எங்களுக்குத் தோன்றவே இல்லை. செவிலி அக்கா, கிரியாட்டினின் முகாமிலேயே பார்க்க முடியுமா?

கடலோர_செவிலி:
ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பலாம். உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரை முன்கூட்டியே பாருங்கள், மக்களைத் தேடி மருத்துவத்தில் பணியிடத்துக்கே வந்து பார்க்கவும் ஏற்பாடு உண்டு. அளவு கூடியிருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும், அதனால் பெயர், போன் நம்பரோடு நோட்டு போடுங்கள். முகாமை மதியத்துக்கு மேல் வையுங்கள், காலையில் ஒருத்தரும் வரமாட்டார்கள்.