பிக்கப்புக்குத் தமிழில் என்ன பெயர்? "கம்பியுணரி" எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மின்கிடார் உறுப்புகளுக்குத் தமிழ்ப் பெயர் கேட்டு எழுதியிருந்தேன். இத்தனை பேர் யோசித்துப் பதில் எழுதியது பெரிய மகிழ்ச்சி. வேளச்சேரியில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கொட்டகையில் ஆறு மாதமாக ஒரு கிடாரைக் கையாலேயே செய்துகொண்டிருக்கிறேன். இதுதான் முதல் கிடார். செய்முறையைத் தமிழில் எழுதிவைத்தால் அடுத்து வருபவருக்கு உதவும் என்பதால்தான் இந்தச் சொல் தேடல்.

பாதிச் சொற்களை வீணையே கொடுத்துவிட்டது. கம்பியைத் தாங்குவது குதிரை, முறுக்கிச் சுருதி சேர்ப்பது பிருடை, நீண்ட கழுத்து தண்டி, அதன்மேல் குறுக்கே வரிசையாக நிற்கும் ஃப்ரெட்டுகள் மெட்டு. இவற்றுக்குப் புதுச்சொல் ஆக்க வேண்டியதே இல்லை. கம்பிகளுக்குக் கீழே இருந்து அவற்றின் ஆட்டத்தை மின்சாரமாக மாற்றும் பிக்கப்புக்கு மட்டும் வீணையில் விடை கிடைக்கவில்லை.

இதுவரை வந்த பரிந்துரைகள் ஒலிவாங்கி, ஒலியெடுப்பி, காந்தவுணரி, அதிர்வுணரி. முதல் இரண்டுக்கும்தான் ஆதரவு அதிகம். அவை வேண்டாம் என்று அழுத்திச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பிக்கப்புக்குள் இருப்பது கம்பிக்கு ஒன்றாக ஆறு காந்தத் துண்டுகள். அவற்றைச் சுற்றித் தலைமுடி அளவு மெல்லிய எனாமல் பூசிய செப்புக்கம்பி, சுமார் 0.063 மி.மீ. தடிமன், ஏழாயிரம் எட்டாயிரம் சுற்று. காந்தம் தனக்கு மேலே இருக்கும் எஃகுக் கம்பியையும் காந்தமாக்கிவிடுகிறது. கம்பி ஆடும்போது சுருளின் ஊடே போகும் காந்தப்புலம் கூடிக் குறைகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஃபாரடே 1831-இல் கண்ட அதே தூண்டல்தான். இந்த வழியில் ஒலிக்கு எங்குமே வேலை இல்லை. ஒலி பிறப்பது கடைசியில், ஒலிபெருக்கியில்.

என் முதல் சுருள் மூவாயிரம் சுற்றைத் தாண்டும்போது அறுந்துபோனது. பக்கத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் அண்ணன்தான் கம்பியை இரு விரலுக்கிடையே துணி வைத்துப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். "இது சத்தத்த இழுக்குமா தம்பி?" என்று கேட்டார். "இல்லண்ணே, கம்பி ஆடுறத உணரும்" என்றேன். சொன்ன பிறகுதான் பெயர் அதற்குள்ளேயே இருப்பது தெரிந்தது.

சுருளை மெழுகில் முக்கி எடுத்து, ரிச்சி தெருவில் வாங்கிய சின்ன ஆம்ப்ளிஃபயர் போர்டில் இணைத்து, பெரியம்மாவின் பழைய வீணைக் கம்பிகளுக்கு அருகே பிடித்துப் பார்த்தேன். சாரணி, பஞ்சமம் இரண்டும் எஃகு, கணீரென்று கேட்டன. மந்தரமும் அனுமந்தரமும் பித்தளை. எவ்வளவு மீட்டியும் ஊமைதான். வீணை எதிரிலேயே ஒலித்துக்கொண்டிருக்கிறது, பிக்கப்புக்கு அது தெரியவே இல்லை! வாயருகே வைத்து உரக்கப் பேசினேன், அதற்கும் அசைவில்லை. மெழுகில் முக்காத சுருள் தளர்ந்திருந்தால் பேச்சை ஓரளவு பிடிக்கும். கிடார் செய்பவர்கள் அதைக் குறையாகத்தான் கருதுவார்கள். அதாவது ஒலியை வாங்கும் பிக்கப் பழுதான பிக்கப். பழுதின் பெயரையா கருவிக்கு வைப்பது?

காந்தவுணரி என்றால் காந்தப்புலத்தை அளக்கும் கருவி. கைப்பேசித் திசைகாட்டிக்குள் இருக்கிறதே, அது. இங்கே காந்தம் ஒரு துணைப்பொருள் மட்டும். அதிர்வுணரி நல்ல சொல், அதை வேறொன்றுக்கு வைத்துக்கொள்ளலாம். கச்சேரிகளில் வீணைப் பலகையில் ஒட்டுகிறார்களே, அந்தப் பீசோ வில்லை மரத்தின் அதிர்வைத்தான் உணர்கிறது. கம்பி எஃகா பித்தளையா என்று அது பார்ப்பதில்லை. இரண்டும் இரு வேறு கருவிகள், இரண்டு சொல் வேண்டும்.

எனவே கம்பியுணரி. மதுரை நண்பர் "நரம்புணரி" என்றால் இலக்கிய மணம் வரும் என்றார். ஆனால் நரம்பு என்றதும் குடல்நரம்பும் யாழும்தான் நினைவுக்கு வருகின்றன. குடல்நரம்பிலும் நைலானிலும் இந்தக் கருவி வேலையே செய்யாது. தந்தி பொருந்தும், ஆனாலும் கடையில் யாரும் "ஒரு செட் தந்தி கொடுங்க" என்று கேட்பதில்லை. கம்பி என்ற சொல்லுக்குள்ளேயே உலோகம் இருக்கிறது. அதுதான் இந்தக் கருவியின் முதல் நிபந்தனை.

சொல் கிளைக்கவும் செய்கிறது. ஒரு சுருள் உள்ளது ஒற்றைச்சுருள் கம்பியுணரி. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் அதில் கூடவே வரும். எதிரெதிர் காந்தமுனைகளுடன் இரண்டு சுருளை எதிர்த்திசையில் இணைத்தால் ரீங்காரம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், கம்பியின் குறிகை (சிக்னல்) தங்கிவிடும். 1950-களின் நடுவில் கிடார் செய்யும் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் செய்தது இது. இதை இரட்டைச்சுருள் கம்பியுணரி என்றாலே போதும்.

அப்புறம், மெட்டுக்குப் பதில் "திவவு" எனலாமே என்ற கேள்வி. அழகான சொல்தான், எனக்கும் ஆசை வந்தது. ஆனால் யாழில் மெட்டே கிடையாது. திவவு என்பது யாழின் வளைந்த தண்டான கோட்டில் நரம்பை இறுக்கிக் கட்டும் வார்க்கட்டு. பெரும்பாணாற்றுப்படை அதைப் பெண்ணின் முன்கை வளைக்கு ஒப்பிட்டு, "மெலிந்து வீங்கு திவவு" என்கிறது. நெகிழ்ந்தும் இறுகியும் சுருதி சேர்க்கும் ஒன்றை, இடம் மாறாமல் நிற்க வேண்டிய உறுப்புக்கு எப்படிச் சூட்டுவது? பாட்டு மெட்டோடு குழம்பும் என்ற அச்சமும் வேண்டாம். வீணைக்காரர்கள் 24 மெட்டுகளையும் பாட்டு மெட்டையும் ஒரே வாயால்தான் சொல்கிறார்கள்.

இனி மெட்டு பதிக்கும் வேலை. என் கிடாரில் மேல்முனையிலிருந்து குதிரைவரை கம்பியின் நீளம் 648 மி.மீ.; அதை, மெட்டுகளின் இடத்தைக் கணிக்கக் கிடார் செய்பவர்கள் எடுக்கும் 17.817 என்ற எண்ணால் வகுத்தால் முதல் மெட்டு 36.4 மி.மீ. தள்ளி வருகிறது. மீதி நீளத்தை மறுபடி வகுத்து அடுத்தது, இப்படியே போனால் பன்னிரண்டாவது சரியாக 324-இல், நட்டநடுவில் விழும். வீணையில் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தலாம், கிடாரில் மரத்தை அறுத்துத்தான் பதிக்க வேண்டும். அறுத்த பள்ளத்துக்கு என்ன பெயர் என்று இரண்டு நாளாக யோசித்தேன். மரம் இழைத்துக் கொடுத்த ஆசாரி கேட்ட உடனே சொன்னார்: "காடி." மெட்டுக்காடி என்று குறித்துக்கொண்டேன்.

அன்புடன்,
வேளச்சேரியிலிருந்து