பெண்கள் உலகக் கர்லிங்: புள்ளி கையில் இருக்கும்போது கடைசிக் கல்லை ஏன் வெளியே விடுகிறார்கள்?

குளிர்காற்று:
வணக்கம். கர்லிங் (பனித்தளத்தில் கல்லைச் சறுக்கவிட்டு எதிர்முனை வட்டத்தில் நிறுத்தும் ஆட்டம்) பெண்கள் உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டங்களின் பதிவுகளை வரிசையாகப் பார்க்கிறேன். 2018 நார்த் பே, 2019 சில்க்கெபோர்க் இரண்டிலும் ஸ்வீடனின் ஆனா ஹாசெல்போரி அணி கூடுதல் எண்டு (சுற்று) வரை போய் ஒரே புள்ளியில் தோற்றிருக்கிறது (7-6, 8-7).

அடிப்படை விதி தெரியும். 10 எண்டு, ஒவ்வொன்றிலும் அணிக்கு 8 கல் (4 பேர், ஆளுக்கு 2). எதிரணியின் நெருக்கமான கல்லைவிட நடுப்புள்ளிக்கு அருகில் எத்தனை கல் இருக்கிறதோ அத்தனை புள்ளி. ஹவுஸ் (இலக்கு வட்டம்) காலியாக இருக்கும்போது கடைசிக் கல்லை உள்ளே நிறுத்தினால் 1 புள்ளி கிடைக்குமே, அதை வேண்டுமென்றே பின்பக்கமாக வெளியே விடுகிறார்கள். ஏன்? முதல் எண்டில் கடைசிக் கல் யாருக்கு என்பதை டாஸ் போட்டா முடிவு செய்கிறார்கள்?

வட்டமையம்:
அந்த 1 புள்ளிக்கு விலை உண்டு. கடைசிக் கல்லை ஹாமர் என்பார்கள். ஒரு எண்டில் புள்ளி எடுத்த அணி அடுத்த எண்டில் ஹாமரை எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டும். யாருமே புள்ளி எடுக்காவிட்டால் அது பிளாங்க் எண்டு. ஹாமர் இருந்தவரிடமே இருக்கும்.

9ஆம் எண்டு தொடங்கும்போது 5-5, ஹாமர் உங்களிடம் என்று வையுங்கள். 1 எடுத்தால் 6-5 முன்னிலை, ஆனால் 10ஆம் எண்டில் ஹாமர் அவர்களுக்கு. அவர்கள் 2 எடுத்தால் ஆட்டம் முடிந்தது, 1 எடுத்தால் கூடுதல் எண்டு. அதில் ஹாமர் உங்களுக்குத் திரும்பும் என்றாலும் அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டுமே. பிளாங்க் செய்தால் 5-5 அப்படியே நிற்கும், 10ஆம் எண்டில் கடைசிக் கல் உங்களுடையது, 1 புள்ளி போதும்.

அதனால் ஹாமர் உள்ள அணிக்கு 2 எடுப்பது லாபம். 1 மட்டும் எடுப்பதைக் கட்டாயத்தில் எடுத்ததாகவே கணக்கு வைப்பார்கள். ஹாமர் இல்லாத அணி புள்ளி எடுத்தால் அது ஸ்டீல். எதிரணிக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது.

கருங்கல்20:
காலி ஹவுஸில் பிளாங்க் செய்வது சுலபம். உள்ளே எதிரணிக் கல் ஒன்று நின்றால்தான் வீராங்கனையின் கை தெரியும். அந்தக் கல்லையும் அகற்ற வேண்டும், தன் கல்லும் வெளியே உருண்டு போக வேண்டும்.

இரண்டு கல்லும் ஏறத்தாழ ஒரே எடை (உச்ச வரம்பு 19.96 கிலோ). நேர் மூக்கில் மோதினால் எதிரணிக் கல் பறக்கும், அடித்த கல் அங்கேயே நின்றுவிடும். வேண்டாத 1 புள்ளி தலையில் விழும், ஹாமரும் போகும். பாதிக் கல் அளவுக்கு விலகி மோதினால் இரண்டும் வெளியேறும். இன்னும் மெல்லிசாக உரசினால் எதிரணிக் கல் உள்ளேயே தங்கிவிடும், அது ஸ்டீல்.

கல்லின் விட்டம் சுமார் 29 செ.மீ. தப்புக்கும் சரிக்கும் நடுவே சில செ.மீ.தான். எதிரணிக் கல் எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள். ஓரத்தில் நின்றால் கொஞ்சம் உருண்டாலே போதும். நடுப்புள்ளியில் நின்றால், வளையத்தின் ஆரம் 1.83 மீட்டரோடு கல்லின் பாதி அகலமும் சேர்த்து 2 மீட்டர் அளவுக்கு உருள வேண்டும். எதிரணி ஸ்கிப் (அணித் தலைவி) தன் கடைசிக் கல்லை நடுவிலேயே கொண்டுவந்து வைப்பது இதற்காகத்தான்.

ஆட்டம் முற்ற முற்ற, பனி மேல் தெளித்த நீர்த்துளி மேடுகள் தேயும். ஒரே பாதையில் வழக்கத்தைவிடக் குறைவாகவோ தாமதமாகவோ கல் வளையும். முதல் எண்டில் சரியாக இருந்த குறி ஒன்பதாவதில் மூக்கில் மோதுவது பெரும்பாலும் இதனால்தான். இந்தத் தேய்மானத்தைப் படிக்கத் தெரிந்த ஸ்கிப்தான் நல்ல ஸ்கிப்.

மூன்றாம்கல்:
டாஸ் கேள்விக்கு: ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சி முடிந்ததும் ஒவ்வொரு அணியும் நடுப்புள்ளியைக் குறிவைத்து 2 கல் விடும். ஒன்று கடிகாரத் திசைச் சுழற்சி, மற்றது எதிர்த்திசை. இரண்டையும் வெவ்வேறு ஆட்கள் விட வேண்டும். இரண்டு தூரத்தையும் கூட்டினால் எந்த அணிக்குக் குறைவோ அதற்கு முதல் ஹாமர். லாஸ்ட் ஸ்டோன் டிரா என்பது இதுதான். தொடர் முழுக்க இந்தத் தூரங்களைச் சேர்த்துவைத்து, புள்ளிப்பட்டியலில் சமநிலையை நேருக்கு நேர் ஆட்ட முடிவால் பிரிக்க முடியாதபோது சராசரியைப் பார்ப்பார்கள். லீக்கில் 13 அணி, ஆளுக்கு 12 ஆட்டம், முதல் 6 அணிக்கு மட்டும் அடுத்த சுற்று, முதல் 2 அணி நேராக அரையிறுதி. ஆகவே அந்த இரண்டு கல்லை யாரும் சும்மா விடுவதில்லை.

மேலே ஒரு சிறு திருத்தம். ஸ்கிப்தான் கடைசிக் கல் விட வேண்டும் என்று விதி இல்லை. 2019, 2021, 2022, 2023 என்று தொடர்ந்து நான்கு பட்டம் வென்ற சுவிஸ் அணியில் (2020 தொடர் நடக்கவில்லை) ஸ்கிப் சில்வானா டிரின்ஸோனி மூன்றாவதாக விடுவார், கடைசி இரண்டும் ஆலினா பேட்ஸுக்கு. அந்த அணியை 2024 சிட்னியிலும் (கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் உள்ளது) 2025 உய்ஜொங்புவிலும் இறுதியில் வீழ்த்திய ரேச்சல் ஹோமன், தானே கடைசியில் விடும் ஸ்கிப்.

குளிர்காற்று:
புரிந்தது, நன்றி. அப்படியென்றால் 10ஆம் எண்டில் சமநிலை, ஹாமர் இருக்கிறது என்றால் வெற்றி உறுதிதானே? ஹவுஸுக்கு முன்னால் மறைப்பாக நிற்கும் கார்டு கற்களை வரிசையாக அடித்துத் தள்ளிவிட்டால் போயிற்று?

கருங்கல்20:
அடிக்க விட மாட்டார்கள். ஹாக் லைனுக்கும் (ஹவுஸுக்கு முன்னே உள்ள குறுக்குக் கோடு) டீ லைனுக்கும் (நடுப்புள்ளி வழியே செல்லும் குறுக்குக் கோடு) இடையே, ஹவுஸுக்கு வெளியே நிற்கும் எதிரணிக் கல்லை எண்டின் முதல் 5 கற்கள் முடியும் வரை ஆட்டத்திலிருந்து வெளியேற்றக் கூடாது. முன்பு இதற்கு ஒரு வழி இருந்தது: வெளியேற்றாமல் மெதுவாகத் தட்டி ஓரம் ஒதுக்குவார்கள், அதன் பெயர் டிக். இப்போது மையக்கோட்டைத் தொட்டு நிற்கும் கார்டை அந்தக் கோட்டை விட்டு நகர்த்தவும் தடை. மீறினால் எதிரணி விருப்பப்படி கார்டைப் பழைய இடத்தில் வைத்து, வந்த கல்லை எடுத்துவிடலாம்.

கணக்கிட்டுப் பாருங்கள். ஹாமர் இல்லாத அணி 1, 3, 5ஆம் கற்களை விடும். அதற்குள் மையக்கோட்டில் இரண்டு கார்டு நின்றிருக்கும், மூன்றாவது பெரும்பாலும் அவற்றுக்குப் பின்னே ஹவுஸில் ஒளிந்திருக்கும். 6ஆம் கல் ஹாமர் அணியின் இரண்டாம் ஆட்டக்காரர் விடும் முதல் கல். அடிக்க அனுமதி கிடைப்பதே அங்கிருந்துதான். அதில் இரண்டு கார்டையும் ஒரே அடியில் தூக்கினால் வழி திறக்கும். ஒன்று மட்டும் போனால் எதிரணி 7ஆம் கல்லில் அந்த இடத்தை மறுபடி அடைத்துவிடும். ஸ்கோர்போர்டில் பெயர் வராத அந்த இரண்டாம் ஆட்டக்காரரைக் கவனித்துப் பாருங்கள், கடைசி எண்டு அவர் கையில்தான் திறக்கிறது.